கைத்தடிச் சுவர்

மார்ச் 4, செவ்வாய்

இரண்டாம் பம்பின் சத்தம் ஒருவழியாக நின்றது. பேரிங் தேய்ந்து போயிருந்தது, மாற்றிவிட்டேன். மேனேஜருக்கு அதில் வருத்தம். "ஊற்று மூச்சு விடுற மாதிரி இருந்துச்சு இன்ஜினியர், விருந்தாளிங்க ரசிச்சாங்க" என்றார். பேரிங் போன பம்ப் மூச்சு விடாது, சாகும் என்றேன். இந்த வெந்நீர் ஊற்று சிகிச்சை இல்லத்தில் நோயாளி என்ற சொல்லே கிடையாது. முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் விருந்தாளி, தூக்கிக்கொண்டு வந்தாலும் விருந்தாளி.

குழாயின் உச்சியில் இருக்கும் காற்று வால்வு மட்டும் இன்னும் எட்டவில்லை. வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் ஏறி, விரல் நுனியால் நெம்புகோலை இழுக்கிறேன். ஏணி கேட்டு எழுதிக் கொடுத்து எவ்வளவோ நாளாயிற்று. விருந்தாளிகளுக்குப் புதுக் குடை வந்தது. ஏணி வரவில்லை.

அக்கா போன் செய்தாள். அம்மா சனிக்கிழமை வருகிறாள், மூன்று வாரம். ஊழியர் குடும்பத்துக்குச் சலுகை உண்டு, அதனால் இடம் கிடைத்துவிட்டது.

"சர்ஜன் முட்டி ஆபரேஷனை இந்த வருஷத்துக்குள்ள பண்ணிடணும்னு சொல்லிட்டார். இவ பிடியே கொடுக்க மாட்டேங்கறா. நீதான் சொல்லணும்."

"நீ சொன்னா என்ன?"

"நான் சொன்னா அழறா. நீ சொன்னா சண்டை போடுவா. சண்டை பரவாயில்லை."

அம்மாவின் வலது முட்டியின் எக்ஸ்ரே படத்தை அக்கா அனுப்பியிருந்தாள். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு கோடு இடைவெளி தெரிய வேண்டும். தெரியவில்லை. பேரிங் போன பம்ப்தான். மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 8, சனி

வந்துவிட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்க ஐந்து பேர் உதவி, ஐந்து பேருக்கும் அறிவுரை. கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மெலிந்திருக்கிறாள். தோளில் விழுந்த கனம் மட்டும் குறையவில்லை.

வரவேற்பறைச் சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். யாருமே அங்கே நிற்காமல் போவதில்லை. தரையிலிருந்து கூரைவரை கைத்தடிகள். மரத்தடிகள், அலுமினியத் தடிகள், அக்குளில் வைக்கும் கட்டைகள், மூலையில் ஒரு முழு நடைவண்டி. இங்கே வந்து நலமானவர்கள் போகும்போது ஆணியில் மாட்டிவிட்டுப் போனவை. யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கடைசி நாளில் எல்லோரும் கைதட்ட, மேனேஜர் படம் எடுக்க, ஒருவர் தன் தடியை மாட்டுவார். மெதுவாக வாசல்வரை நடந்து காட்டுவார்.

"கடைசி நாள் என்னுதும் இங்கதான்" என்றாள் அம்மா.

"உன் முட்டிப் படம் பார்த்தேன். ஆணிக்கு இடம் தேடாதே."

"வந்து முகம்கூடக் கழுவலை, ஆரம்பிச்சுட்டான் பாரும்மா" என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் முறையிட்டாள். அந்தப் பெண், "எங்ககிட்டயும் இப்படித்தாம்மா பேசறார்" என்றாள். இரண்டே நிமிடத்தில் இரண்டு பேரும் ஒரு கட்சி.

நான் வேலை பார்க்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். பம்ப் அறை கட்டடத்துக்கு அடியில் இருக்கிறது. செங்குத்தான இரும்புப் படி. மேலே நின்று எட்டிப் பார்த்தாள்.

"அங்கேயா நாள் பூரா இருக்கே? வெளிச்சமாவது உண்டா?"

ஓடி இறங்கி விளக்கைப் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிட்டாள். படியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் விடும் விஷயங்களைத்தான் நான் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

இங்கே விற்பது மூன்று. தண்ணீர், மணல், காற்று. காற்று என் பொறுப்பில் இல்லை, அந்த மட்டில் நிம்மதி. தண்ணீர் பூமியிலிருந்து ஐம்பத்தெட்டு டிகிரியில் வருகிறது. மனிதரை அதில் இறக்க முடியாது. ஒரு பங்கை ஆற வைத்து, மீதியோடு கலந்து, பெரிய தொட்டியில் முப்பத்தொன்பதில் நிறுத்துவது என் உத்தியோகம். வெந்நீரையும் ஆறிய வெந்நீரையும் கலப்பது. "இதுக்கா நாலு வருஷம் படிச்சே?" என்று அக்கா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அம்மா இன்று தொட்டியில் இறங்கினாள். நெஞ்சளவு தண்ணீர். முதலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி. பிறகு கம்பியை விட்டாள். பிறகு நடந்தாள் — சாய்வில்லாமல், இழுக்காமல், இரண்டு காலும் சமமாக. அப்படி அவள் நடந்து நான் பார்த்து எத்தனை வருஷம் இருக்கும்? மறுகரைக்குப் போய்த் திரும்பி என்னைத் தேடினாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"தண்ணி உன் எடையைத் தூக்குதும்மா. நெஞ்சளவு தண்ணியில முட்டிக்கு மூணுல ஒரு பங்கு கனம்தான் போகும். முட்டி சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்காதே."

"தூக்கட்டும். வேற யார் தூக்கறா?" என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

அம்மா மாத்திரை இல்லாமல் தூங்கினாளாம். காலையில் இந்தக் கட்டடத்தில் அதை அறியாதவர் யாருமில்லை.

மார்ச் 13, வியாழன்

கட்டடத்துக்குப் பின்னால் மணல் திடல். அடியிலிருந்து ஊற்றின் சூடு ஏறுகிறது, மணல் எப்போதும் வெதுவெதுப்பு. அங்கே குழி பறித்து, மெல்லிய அங்கியோடு ஆளைப் படுக்க வைத்து, கழுத்துவரை மணலால் மூடிவிடுவார்கள். தலைக்கு மேல் சின்னக் குடை. மூடுகிறவரை எல்லோரும் மணலக்கா என்கிறோம். அவர் மண்வெட்டி பிடித்தால் மேனேஜரே வாய் திறக்க மாட்டார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. மணலுக்குள் இருக்கிறவரால் எழுந்து போக முடியாது. பேச்சை மாற்ற அக்காவுக்குப் போன் போட முடியாது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அம்மாவின் தலைக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"அம்மா, சர்ஜன் தேதி கேட்கிறாராம்."

"மூக்கு அரிக்குதுடா."

சொறிந்துவிட்டேன். "ஏப்ரல்ல வெச்சுக்கலாமான்னு—"

"அங்கே இல்லை. இந்தப் பக்கம்."

அடுத்த குழியிலிருந்து கப்பல்காரர் கண்ணைத் திறந்தார். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வருடா வருடம் வருகிறவர், தண்ணீரில் அரை டிகிரி குறைந்தால் கண்டுபிடித்துவிடுவார். "என்ன தேதி? கல்யாணமா தம்பி?"

"முட்டி ஆபரேஷன்."

"ஐயையோ, வேணாம்மா. என் மச்சானுக்கு ஆபரேஷன் பண்ணி ஆறு மாசம் எழுந்திருக்கலை."

மூன்றாவது தலை ஒரு பள்ளி ஆசிரியை. "எங்க பெரியம்மாவுக்குப் பண்ணினாங்க. இப்ப எங்களுக்கு முன்னால மாடி ஏறிடறாங்க."

"உங்க மச்சானுக்கு எந்த முட்டி?" என்று கேட்டேன்.

கப்பல்காரர் கொஞ்ச நேரம் குடையைப் பார்த்தார். "அவருக்கு முட்டி இல்லை. பித்தப்பை."

அம்மா சிரித்துவிட்டாள். ஆசிரியையும் சிரித்தார். இரண்டு பேர் நெஞ்சுக்கு மேலும் மணல் விரிசல் விட்டது. மணலக்கா மண்வெட்டியோடு வந்தார். "தலைங்களா, பேசாம இருங்க. சிரிச்சா சூடு ஓடிடும். தம்பி, நீ எழுந்திரு. உன்னால வேலை கெடுது."

போகும்போது அம்மா கண்ணை மூடியபடி சொன்னாள்: "வேணுங்கற தலை ஒண்ணு, வேணாங்கற தலை ஒண்ணு. சமமாயிடுச்சு. அப்புறம் பேசலாம்."

"உன் தலை?"

"அது தூங்குது."

மார்ச் 15, சனி

மணலக்காவிடம் கேட்டேன்: தடியை மாட்டிவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் உண்மையிலேயே நலமாகத்தான் போகிறார்களா?

"நிறைய பேர் நல்லாத்தான் போறாங்க. பிடிப்பு, முதுகு, தூக்கமில்லாதவங்க, எல்லாம் இங்க குறையுது. கண்ணால பார்க்கறேன். சில பேர்..." மண்வெட்டியின் பிடியில் முகவாயை வைத்துக்கொண்டார். "பஸ் நிக்கற இடத்துல ஒரு கடை இருக்கே, பார்த்திருக்கியா? அதுல தொப்பி விக்கறான், தண்ணி பாட்டில் விக்கறான், கைத்தடி விக்கறான். கைத்தடி யாருக்குன்னு நினைச்சே? வர்றவங்க கையோட கொண்டு வந்துடறாங்க."

சிரிப்பு வந்தது. அறைக்குத் திரும்பிய பிறகு வரவில்லை. சாமான் மூட்டையோடு அந்தக் கடை வாசலில் அம்மா தடிக்குப் பேரம் பேசுவதை நினைத்துப் பார்த்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

எழுதி வைக்கிறேன், பிறகு மறுக்கக் கூடாது.

நேற்று திங்கள். வாரா வாரம் பெரிய தொட்டியை வடித்துக் கழுவும் நாள். புதுத் தண்ணீர் நிரப்பி, இன்று காலை முப்பத்தொன்பதுக்குப் பதிலாக முப்பத்தாறில் நிறுத்தினேன். வேண்டுமென்றேதான். என் நிலைமையைப் பார்த்தால் வேறு வழி இருப்பதாகவும் தெரியவில்லை. தண்ணீர் இதமாக இருக்க இருக்க அவளுக்கு வலி குறைகிறது. வலி குறையக் குறைய சர்ஜன் தள்ளிப் போகிறார். என் வேலையை நான் ஒழுங்காகச் செய்தால் எனக்கே ஆப்பு. ஒரு நாள் சுமாரான தண்ணீரில் இறங்கினால் வலி திரும்பும், புத்தி வரும் என்று கணக்குப் போட்டேன்.

கப்பல்காரர் ஒரு காலை வைத்தார், எடுத்தார், நேராக மேனேஜரிடம் போனார். மேனேஜர் என்னிடம் வந்தார். பார்க்கிறேன் என்றேன்.

அம்மா மதியம் ஈரத் தலையோடு வந்தாள். "இன்னிக்குத்தான்டா தண்ணி அருமை. உடம்புக்குள்ள போய் வேலை செய்யுது. என்ன பண்ணினே?"

ஒண்ணும் பண்ணலை என்றேன்.

மார்ச் 19, புதன்

மனசு கேட்கவில்லை. டாக்டரிடம் சொன்னேன். இங்கே ஒரே ஒரு டாக்டர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், யாரையும் உட்காரச் சொல்லாமல் விடாதவர். இன்று என்னை உட்காரச் சொல்லவில்லை.

"எத்தனை பேர் அந்தத் தொட்டியில இருந்தாங்க?"

"இருபது பேர் இருக்கும்."

"அதுல உங்க அம்மா ஒருத்தர். மீதி பேர் எதுக்கு?"

 கால் மாற்றி மாற்றி நின்றேன். கோபம் கொஞ்சம் ஆறிய பிறகு, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு முப்பத்தாறு நல்லது என்றார். பெரிய தொட்டியைப் பழையபடி ஆக்கிவிட்டு, பக்கத்திலிருக்கும் சின்னத் தொட்டியை மட்டும் முப்பத்தாறில் வையுங்கள், ஆனால் பலகையில் எழுதி வையுங்கள் என்றார். எழுதிவிட்டேன்.

"அம்மாகிட்ட நானும் பேசிட்டேன்" என்றார் கடைசியில். "வலி குறையும், தசை பலமாகும், தேய்ஞ்சது வளராதுன்னு. நல்லாத் தலையாட்டிக் கேட்டாங்க. அப்புறம், 'உங்க கை ஏன் இவ்வளவு சில்லுன்னு இருக்கு, சரியாச் சாப்பிடறீங்களா'ன்னு கேட்டாங்க."

அதுதான் அவள்.

மார்ச் 21, வெள்ளி

சண்டை.

மேனேஜர் அம்மாவுக்கு ஆணி தேர்ந்தெடுத்துவிட்டார். நடு வரிசை, விளக்குக்குக் கீழே. அடுத்த வாரம் சனிக்கிழமை போகும்போது மாட்ட வேண்டியது. நம் இன்ஜினியரின் சொந்த அம்மா, படம் நன்றாக வரும் என்றார். அம்மா அதற்காக நீலப் புடவையை எடுத்து வைத்திருக்கிறாள்.

அவள் அறைக்குப் போனேன். நல்ல அறை அது, இரண்டு ஜன்னல், எதிரே வெட்டவெளி, காய்ந்த காற்று திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கட்டிலில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, வீட்டுக்குப் போனா அங்கே தொட்டி இருக்கா? மணல் இருக்கா? போற வாரமே வலி திரும்பி வந்துடும்."

"வந்தா மறுபடி இங்க வர்றேன். என் பையன் இருக்கான்."

"உன் பையன் வெந்நீர் கலக்கறவன். முட்டி கலக்கறவன் இல்லை."

"நீ பம்ப் பார்த்தவன்டா. நான் முட்டி பார்த்தவ." எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டாள். "ஆபரேஷன் தியேட்டர்ல எத்தனை வருஷம் நின்னிருக்கேன்? உள்ள என்ன நடக்குதுன்னு உங்க அக்காவுக்குத் தெரியுமா? உனக்குத் தெரியுமா? ரம்பம் வெச்சு அறுப்பாங்க. சுத்தியல் வெச்சு அடிப்பாங்க. அந்தச் சுத்தியலைக் கழுவினவ நான்."

அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். அவள் தள்ளிய ட்ராலிகள்தான் அந்த முட்டியைத் தேய்த்தன. அவளிடம் போய் நான் படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் வாயை மூடவில்லை. பயமா இருந்தா பயம்னு சொல்லு, தண்ணிக்குப் பின்னால ஒளிஞ்சுக்காதே என்று கத்திவிட்டேன். அவள் கத்தவில்லை. "போய் வேலையைப் பாரு" என்றாள். அதோட சரி.

மார்ச் 22, சனி

பேசவில்லை. எனக்கு மட்டும் சாப்பாட்டுக் கூடத்தில் ரொட்டி எடுத்து வைத்திருந்தாள், மூடி போட்டு.

மார்ச் 24, திங்கள்

நிதானமாக எழுத வேண்டும்.

திங்களானதால் மதியத்துக்கு மேல் பெரிய தொட்டி மூடல். எல்லோரும் ஏறிவிட்டார்கள். அம்மா மட்டும் ஏறவில்லை. மறுகரையில் நடந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, வடிக்கணும். ஏறு."

"இன்னும் ரெண்டு சுத்து. இனிமே அடுத்த திங்கள் நான் இங்க இருக்க மாட்டேன்."

மூன்று நாளில் முதல் பேச்சு அது. சண்டையை வளர்க்க மனமில்லை.

"எனக்கு நேரமாகுது. திறந்துடுவேன்."

"திற. நான் பாட்டுக்கு நடக்கறேன்."

வடிகால் வால்வு கீழே பம்ப் அறையில் இருக்கிறது. ஆள் உள்ளே இருக்கும்போது முழுதாகத் திறக்கக் கூடாது. கால்வாசி மட்டும் திறந்தேன், தண்ணீர் இறங்குவதே கண்ணுக்குத் தெரியாது. மேலே ஓடி வந்தேன். அவளைத் தனியாக விட முடியாது, அங்கியைத் தேடவும் பொறுமையில்லை, கால்சட்டையோடு இறங்கிவிட்டேன்.

"செருப்பையாவது கழட்டினியா?"

"கழட்டினேன்."

பக்கத்தில் நடந்தேன். எனக்கு மெதுவாக நடக்க வராது, இரண்டு முறை முந்திப் போய்த் திரும்பி வந்தேன். நெஞ்சளவுத் தண்ணீரில் அவள் கை வீசிக்கொண்டு பேசினாள். எலும்பு சர்ஜன்களில் ஒருவர் அறுவைக்கு நடுவில் பாடுவாராம், சுருதியே சேராதாம், மயக்க மருந்து கொடுக்கிறவர் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாராம். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது கதை நின்றது.

அடுத்த சுற்றில் அவள் கை கம்பியைத் தேடியது. பிடிக்கவில்லை, தொட்டுக்கொண்டே போனாள். தண்ணீர் தொடையில் இருந்தது. வலது தோள் இறங்கியது. பஸ்ஸிலிருந்து இறங்கியபோது பார்த்த அதே சாய்வு, கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வோர் அடிக்கும் திரும்பி வந்துகொண்டிருந்தது. நான் பார்த்தேன். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள் — குனிந்து, தன் காலையே.

ஏறிடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. அவளுக்கு முன்னால் நான் எதையும் சொல்லிவிடக் கூடாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

முட்டி அளவுக்குத் தண்ணீர் வந்தபோது நின்றுவிட்டாள். ஒரு கை கம்பியில், ஒரு கை என் தோளில். பழைய கனம் முழுக்க வந்துவிட்டது.

"இத்தனை நாளும் தண்ணிதான்டா நடந்திருக்கு" என்றாள். "நான் நடக்கலை."

முதல் நாளே இதைத்தான் சொன்னேன் என்று சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் சொல்லாமல் விட்ட மிகச் சரியான வாக்கியம் அது.

படிக்கட்டில் உட்கார வைத்தேன், நானும் உட்கார்ந்தேன். கடைசித் தண்ணீர் ஓடுகளின் மேல் நெளிந்து சல்லடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சுத்தியல் ஒண்ணும் அவ்வளவு பெருசில்லை" என்றாள் திடீரென்று. "சும்மா சொன்னேன்."

"பின்ன?"

"ட்ராலியைத் தலைமாட்டுலேர்ந்துதான் தள்ளுவோம். படுத்திருக்கறவங்க கூரையைப் பார்ப்பாங்க. நமக்கு அவங்க முகம் தலைகீழாத் தெரியும். எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் அப்போ சின்னக் குழந்தை முகம்தான். அத்தனை முகம் பார்த்திருக்கேன். என் முகத்தை அப்படி யாரும் பார்க்க வேணாம்னு..." 

"நான் தள்றேன்" என்றேன்.

"உனக்கு வளைவு தெரியாது. லிஃப்ட் பக்கத்துல இடிச்சுடுவே."

கொஞ்ச நேரம் கழித்து, "அக்காகிட்ட நீயே சொல்லிடு. ஏப்ரல்னா ஏப்ரல்" என்றாள். அதற்குள் எனக்கு முகம் நனைந்திருந்தது. தண்ணீர் நெஞ்சுக்கு மேல் என்னைத் தொடவே இல்லையே என்று யோசித்தால் — அவள் கை வீசி நடந்ததில் தெறித்திருக்கும். சரி. அதுதான் காரணம்.

மார்ச் 25, செவ்வாய்

அக்காவிடம் சொன்னேன். போனிலேயே அழுதாள். என்னதான் செய்வது இவர்களை.

தண்ணீர் முப்பத்தொன்பது. கப்பல்காரர் திருப்தி.

மார்ச் 29, சனி

அம்மா கிளம்பினாள். வரவேற்பறையில் கூட்டம் கூடிவிட்டது. மேனேஜர் கேமராவோடு நிற்கிறார், ஆணியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார். அம்மா நீலப் புடவையில் வந்தாள். தடியை ஊன்றிக்கொண்டு சுவர்வரை போனாள், அண்ணாந்து பார்த்தாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. இது எனக்கு வேணும். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மேனேஜர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. அம்மா விடவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க இடத்துல மூணு வாரம் மாத்திரை இல்லாமத் தூங்கினேன். அதை எழுதிப் போடுங்க, என் படத்தையும் போடுங்க. தடியோடயே போடுங்க."

அவர் படம் எடுத்தார். நல்ல மனுஷர்தான். பஸ்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

கடைக்காரன் கைத்தடியை நீட்டிக்கொண்டு எழுந்தான். அம்மா தன்னுடையதை உயர்த்திக் காட்டினாள். உட்கார்ந்துவிட்டான்.

ஏப்ரல் 17, வியாழன்

ஆஸ்பத்திரி மாடி. அக்கா தூங்குகிறாள், நான் எழுதுகிறேன்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் கடைசியில் தன் பழைய ஆஸ்பத்திரியையே கேட்டாள். ட்ராலிக்கு வந்தவர் அவளிடம் வேலை கற்றவராம். தியேட்டர் வாசல்வரை நானும் பிடிக்கலாம் என்று விட்டார். தலைமாட்டில் நின்று தள்ளினேன். லிஃப்ட் வளைவில் இடித்தேன்.

"சொன்னேன்ல" என்றாள் படுத்தபடி.

தலைகீழாக அவள் முகம். குழந்தை முகமெல்லாம் இல்லை. அம்மா முகம்தான், கொஞ்சம் பயத்தோடு.

"என்னடா முறைக்கறே, நேராப் பார்த்துத் தள்ளு."

நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சர்ஜன் வெளியே வந்து சொன்னார். நீங்கள் பாடினீர்களா என்று கேட்க நினைத்தேன். அவர் அவராக இருக்க வேண்டிய அவசியமில்லை என்று விட்டுவிட்டேன்.

மே 6, செவ்வாய்

போனில் அம்மா: "பயிற்சி கொடுக்கற பொண்ணு ராட்சசி. மடக்கு மடக்குங்கறா." பின்னால் அக்கா: "மடக்கறதே இல்லை, கதை பேசறா." இரண்டாம் பம்ப் சத்தமில்லாமல் ஓடுகிறது. ஏணி வரவில்லை.

ஜூலை 18, வெள்ளி

அம்மா இங்கே வந்து ஒரு வாரம் ஆகிறது. தண்ணீரில் நடந்தால் தொடைத் தசை பலமாகும் என்று டாக்டரும் சர்ஜனும் ஒரே குரலில் சொன்னதால் வந்திருக்கிறாள். கப்பல்காரர் கைத்தடியோடு அவளுக்கு வணக்கம் வைத்தார். அவரையும் முட்டியை டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டாளாம்.

இன்று காலை நான் பம்புக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். இரும்புப் படியில் சத்தம். மெதுவாக, ஒவ்வொரு படிக்கும் நின்று. மணலக்காவாக இருக்கும் என்று நினைத்து, "எண்ணெய் கொட்டியிருக்கு, பார்த்து" என்று மட்டும் குரல் கொடுத்தேன்.

"எண்ணெய் கொட்டினா துடைக்க மாட்டியா?"

அம்மா. ஒரு கையில் தடி, ஒரு கையில் கம்பி, தோளில் தேநீர்க் குடுவை தொங்குகிறது. நான் எழுந்த வேகத்தில் தலை குழாயில் இடித்தது.

கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். சூடான குழாயில் காய்ந்துகொண்டிருந்த என் சட்டைகளைப் பார்த்தாள். "பம்ப் அறையா, துணி காயப் போடற இடமா?" என்றாள். மடித்து வைத்தாள். தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அன்றைக்குத் திறந்த வால்வு எது என்று கேட்டாள், காட்டினேன். அதன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"தண்ணிச் சூட்டைக் குறைச்சதும் இங்கேர்ந்துதானே? டாக்டர் சொல்லிட்டாங்க."

நான் தேநீரைக் குடித்தேன்.

"அன்னிக்குத் தண்ணி நல்லாத்தான்டா இருந்துச்சு" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் பம்ப் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, தொட்டிக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள். கூட வருகிறேன் என்றதற்கு வேலையைப் பார் என்றாள். படியில் சத்தம் ஏறிப் போனது. வந்ததைவிடச் சீக்கிரமாக.

மதியம் வால்வு பக்கம் போனபோதுதான் பார்த்தேன். சக்கரத்தில் அவள் கைத்தடி தொங்கிக்கொண்டிருந்தது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார், அவர் கண்ணுக்குத் தப்புமா. "இன்ஜினியர், நடு வரிசை ஆணி இன்னும் காலியாத்தான் இருக்கு" என்றார் தயங்கித் தயங்கி. அவள் கேட்டால் கொடுக்க வேண்டும் என்றேன்.

மாலைவரை காத்திருந்தேன். கேட்டு வரவில்லை. மேலே வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் மணலக்காவோடு திடலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள், இடுப்பில் இரண்டு கையும்.

கிளம்புவதற்கு முன் காற்று வால்வைத் திறக்க வேண்டியிருந்தது. வாளியில் ஏறப் போனவன், தடியை எடுத்துப் பார்த்தேன். வளைந்த பிடி நெம்புகோலில் சரியாக மாட்டியது. ஒரே இழுப்பு, காற்று சீறிப் போயிற்று. கால் தரையிலேயே இருந்தது.

ஏணி இனி வேண்டாம் என்று நாளை எழுதிக் கொடுக்க வேண்டும்.